வேம்புக்குள் இருந்த கலியாணம்

போன வருடம் மாரி மழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன், கல்முனையில் எங்கள் வீட்டு வளவில் தொடங்கி, வயலோரத்தில் மரம் அறுக்கும் மரக்காலை ஒன்றில் முடிந்த சம்பவம் இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று காலையில் மட்டும் சிரிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். நான் இருக்கும் வீடு உம்மாவுக்கு அவருடைய பெற்றோர் கொடுத்தது. உம்மா அதை எனக்குத் தந்துவிட்டார். தங்கைக்கு அதே வளவில் புது வீடு கட்டுவது என்று முடிவாகி, அத்திவாரத்துக்கு நூல் பிடித்தபோது, கேற்றடியில் நின்ற வேம்பு சரியாக அவளுடைய முன்னறைக்குள் வந்து நின்றது. நூலை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். காணி சிறியது, சுற்றிவர மதில். மரம்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது.

எனக்கு மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. மகளுக்கு நாலு வயது முடிகிறது, எங்களோடுதான் படுக்கிறாள். அவளுக்கு ஒரு கட்டில் செய்ய வேண்டும். கடையில் விற்கும் பலகைக் கட்டில்களை மூக்கை வைத்து மணந்து பார்த்தே நான் வேண்டாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பசை மணம் பிள்ளைக்கு என்ன செய்யுமோ என்ற பயம். வேம்பு கசப்பு, கறையான் இலேசில் கிட்ட வராது, மேலே எதையும் பூசாமலே வைக்கலாம் என்று எங்கள் ஓடாவி சொன்னார். கதவு, கட்டில் எல்லாம் செய்து பழகிய மனிதர். அவர் சொன்னதும் அந்தக் கட்டில் என் கண்ணுக்குள் வந்துவிட்டது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எதையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவள். பஸ் நிலையம் வரை போய், காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று திரும்பி வந்திருக்கிறேன். மகள் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டாள் என்று கணவரை அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து, அவர் வகுப்பை விட்டுவிட்டு ஓடி வந்து சேர்ந்தபோது, பொத்தான் கதிரை மெத்தைக்குள் கிடந்தது. அவர் கோபிக்கவில்லை. இனி இப்படி மனம் பதறினால் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்கும்படி மட்டும் சொன்னார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால்தான் எனக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மரம் வெட்டுகிறவர்கள் வந்த அன்று நான் அவர்களை ஒரு வழி பண்ணிவிட்டேன். அந்த இடத்தில் மரத்தை அப்படியே சாய்க்க இடமில்லை. ஒவ்வொரு கொப்பாகக் கயிற்றில் கட்டி, வெட்டி, மெதுவாக இறக்க வேண்டும். தலைக்கவசம் போடவில்லையா, மின்சாரக் கம்பிக்கு எவ்வளவு தூரம், ஏணியை வெட்டுகிற கொப்பிலேயே சாத்தியிருக்கிறீர்களே என்று தேத்தண்ணீரோடு ஒவ்வொரு கேள்வியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏணி விஷயத்தில் நான் சொன்னது சரி என்று அவர்கள் ஏணியை மாற்றினார்கள். அறுத்த கொப்பு பாரம் நீங்கி மேலே எழும்பினால் ஏணி வழுகுமாம். கடைசியாக, கயிறு பழசா என்று கேட்டேன்.

“ராத்தா, கயிறு புதுசு. நாங்கதான் பழசு,” என்றார் அவர்களில் மூத்தவர்.

பின்னேரத்துக்குள் அடிமரம் மட்டும் முழுசாக நிலத்தில் கிடந்தது. அறுத்த முனைகளில் பழைய பெயின்ற் இருந்தால் பூசச் சொன்னார்கள். முனை வழியாக ஈரம் வேகமாய்ப் போனால் மரம் வெடித்துப் பிளக்குமாம். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் இருந்தது. நானும் மகளும் இரண்டு முனைக்கும் பூசினோம். அவள் மரத்துக்குத் தொப்பி போட்டாயிற்று என்றாள்.

அடுத்த நாள் மரத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி மரக்காலைக்குக் கொண்டுபோனோம். நாவிதன்வெளிப் பக்கம் போகும் பாதையில், வயல் ஓரமாக இருக்கிறது அது. முதலாளியைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மரத்தைச் சுற்றி நடந்து, தட்டிப் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்.

“ஆணி கீணி ஏதும் இரிக்கா சேர்? வளவு மரம் எண்டா எனக்குப் பயம்.”

கணவர் என்னைப் பார்த்தார். உடுப்புக் காயப்போடும் கம்பி கட்டியிருந்த ஆணியை நானே குறட்டால் பிடுங்கி எடுத்திருந்தேன். பட்டை முழுவதும் கையால் தடவியும் பார்த்திருந்தேன். அதனால் இல்லை என்றேன். இவ்வளவு பயந்தவள் இவ்வளவு உறுதியாகச் சொன்னதாலோ என்னவோ, யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அறுப்பதாகக் காக்கா சொன்னார்.

அந்த மூன்றாம் நாள் காலையில் நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே கலியாணம். சமையலுக்கு வெங்காயம் உரிக்க நாலைந்து பெண்கள் கூடியிருந்தோம். வெளியே மாமரத்தில் ஒருவர் ஏணி வைத்து, கலர் லைட் மாலைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. மகள் அங்கே போய் நின்றுவிட்டாள். ஆணி அடிக்கும் இடத்தில் பிள்ளை நிற்கிறாளே என்று நானும் எழுந்து போனேன்.

அவர் என்னைக் கண்டதும் சிரித்தார். என் கலியாணத்துக்கும் அவர்தான் லைட் கட்டினாராம். எனக்கு நினைவில்லை. மணப்பெண் அறைக்குள் இருந்தவளுக்கு வெளியே யார் லைட் கட்டினார்கள் என்று எப்படித் தெரியும்?

“ஒங்கட கேற்றடி வேம்பு நல்ல மரம். ஆணி அடிச்சா ஆடாது,” என்றார். “இந்த மாமரம் பாருங்க, சொதசொத எண்டு இரிக்கி.”

அந்த ஆணிகளைப் பிறகு கழற்றினீர்களா என்று கேட்டேன்.

“லைட்டக் கழட்டின. ஆணிய யாரு கழட்டுற?”

எங்கே எங்கே அடித்தீர்கள் என்று கேட்டேன். ஆள் உயரத்துக்குச் சுற்றிவர அடித்ததாகவும், அதற்கு மேலே மாலையைக் கொப்புகளுக்குள் எறிந்து விட்டதாகவும் சொன்னார். பட்டை வளர்ந்து அந்த ஆணிகளை மூடியிருக்கிறது. நான் கையால் தடவிப் பார்த்தது மூடிய பட்டையை.

வீட்டுக்கு ஓடி வந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். வகுப்பில் இருக்கிறார், தொலைபேசியை நிறுத்தி வைத்திருக்கிறார். மரக்காலை இலக்கம் அவரிடம்தான். அவர் சொன்னபடியே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். குடித்துக்கொண்டே யோசித்தேன். இதுவும் பொத்தான் கதைதானோ? சின்ன ஆணி, பெரிய வாள், ஒன்றும் ஆகாதோ? அங்கே போய் நின்றால் சேருடைய மனைவிக்குக் கொஞ்சம் மூளை தட்டு என்று சொல்வார்களோ? தண்ணீர் முடிந்தது. பயம் முடியவில்லை. முன்பெல்லாம் எனக்கு என்னை நினைத்து, என் பிள்ளையை நினைத்துத்தான் பயம் வரும். அன்று அந்த வாளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதரின் முகம் வந்தது. நாங்கள் மரக்காலையில் மரம் இறக்கிய அன்று என் மகளுக்கு மரச்சீவலை மாலையாகச் சுற்றிக் கொடுத்தவர். நான் இல்லை என்று சொன்ன சொல்லை நம்பித்தான் அவர் அந்த மரத்தை வாளுக்குள் தள்ளப் போகிறார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். சந்தைக்கு முன்னால் லொறி ஒன்று குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஓட்டோக்காரத் தம்பி ஹோர்ன் அடிக்க, லொறிக்காரர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வழியாக வயல் பக்கம் திரும்பியதும், தூரத்திலேயே வாள் இரைகிற சத்தம் கேட்டது. அது எங்கள் மரமா வேறு மரமா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தத்தில் எப்படி மரம் தெரியும்?

எங்கள் மரம்தான். நீலத் தொப்பி வாளுக்கு நேரே இருந்தது. மேற்பக்கத்தில் ஒரு பட்டைப் பலகை ஏற்கனவே கழற்றியாயிற்று. பெரிய நாடா போலச் சுழலும் வாளுக்குப் பக்கத்தில் அந்த மனிதர் நின்றார். நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. உள்ளே போகவும் பயம், பிள்ளை கையில். கடைசியில் மகளின் சிவப்புக் குடையை விரித்து, தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த காக்கா கண்டுவிட்டார். கை காட்டினார். வாள் மெல்ல மெல்ல ஓய்ந்தது.

“என்ன தங்கச்சி, கடல் வருதா?” என்று கேட்டார். சுனாமிக்குப் பிறகு யாராவது பதறி ஓடி வந்தால் எங்கள் பக்கத்தில் கேட்கும் பகிடி அது.

நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்து போய் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு கூரையைக் காட்டினார். தகரத்தில் நீளமாய் ஒரு கிழிசல், அதற்குள்ளால் வெயில் கோடாக இறங்கியது. ஒரு முறை ஒரு வளவு மரத்துக்குள் இருந்த இரும்புத் துண்டில் பட்டு வாள் அறுந்து, மேலே போய்த் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்ததாம். பக்கத்தில் நின்றவர் அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்பப் போயிருந்தாராம்.

“அதுக்குப் பொறகு இவருக்கு வெத்திலைக் காசு நான்தான் குடுக்கிற,” என்றார் காக்கா. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மாலை சுற்றிக் கொடுத்தவர்தான் அன்று அந்த வாளுக்குத் தப்பியவர் என்று.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முழு மரத்தையும் விறகுக்குப் போட்டுவிடலாம் என்றார் காக்கா. எனக்குக் கட்டில் போய்விட்டதே என்று இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அப்போது வெற்றிலைக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். சில வருடங்களுக்கு முன், குண்டுப் பயம் இருந்த நாட்களில், பள்ளிவாசலுக்குள் போகிறவர்களைச் சோதிக்க வாசலில் ஒரு கருவி வைத்திருந்தார்களே, இரும்பு கண்டால் கத்துமே, அது இன்னும் அலுமாரிக்குள் கிடக்கும் என்றார். காக்கா தொலைபேசி எடுத்தார். கொஞ்ச நேரத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அந்தக் கருவியோடு சைக்கிளில் வந்து இறங்கினார். பற்றரி செத்துக் கிடந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிப் போட்டார்கள்.

மோதினார் மிகவும் பொறுப்பாக, மரத்தின் ஒரு முனையிலிருந்து தொடங்கினார்.

“மோதினார், மொதல்ல மரத்த ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க,” என்றார் வெற்றிலைக்காரர்.

மோதினார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “இதால ஒங்கள எல்லாம் சோதிச்ச நேரம் ஒருத்தனும் சிரிக்கல்ல.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கருவி கத்தியது.

உளியால் பட்டையைக் கழற்றி, கொஞ்சம் தோண்டினார்கள். மரத்தில் கருநீலமாய் ஒரு கறை. இரும்பு இருந்தால் மரம் இப்படித்தான் மைக்கறை பிடிக்குமாம். அதற்குள் ஆணித் தலை. அடுத்த அறுவைக்காகக் காக்கா கரிக்கோடு போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது. வெற்றிலைக்காரர் அந்த இடைவெளியில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

ஒவ்வொன்றாக இன்னும் சில வந்தன. ஓர் ஆணியோடு பச்சை வயர்த் துண்டும், அதில் நீல நிறக் குட்டி பல்ப் ஒன்றும் சேர்ந்து வந்தது. கண்ணாடிகூட உடையவில்லை. மகள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் அறைக்குள் தலை குனிந்து இருந்த அந்த நாளில் வெளியே எரிந்த விளக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது என் மனம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. கலியாணம் நடந்தது எனக்கு மட்டுமா? அதே வீட்டில்தானே உம்மாவுக்கும் நடந்தது? அப்போதும் அந்த வேம்பு நின்றது. கூச்சத்தோடுதான் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அப்ப எங்க மகள் கரண்ட்? பெற்றோல்மக்ஸ் லைட்தான்,” என்றார் உம்மா. “அத மாட்ட வேம்புல ஒரு கொக்கி அடிச்ச. பெரிய கொக்கி. அது எங்க போன எண்டு நானும் எத்தினையோ தரம் யோசிச்ச.”

பக்கத்தில் நின்ற காக்காவுக்கும் அது கேட்டது. “போகல்ல உம்மா, இஞ்சதான் இரிக்கி,” என்றார்.

ஆனால் அந்தக் கொக்கிக்குக் கருவி எங்கேயும் கத்தவேயில்லை. உம்மாவின் கலியாணத்தில் அது சின்ன மரம். பிறகு வளர்ந்த மரமெல்லாம் கொக்கியைச் சுற்றி மூடி, அதை நடுவுக்குள் கொண்டுபோயிருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்குக் கருவி எட்டாது. மரம் வளர வளரக் கொக்கியும் மேலே போயிருக்கும், எங்கே என்று தேடுவது என்று காக்கா கையை விரித்தார்.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். உயர்தரத்தில் படித்தது. மரம் உயரமாக வளர்வது நுனியில்தான். அடிமரம் பருக்குமே தவிர மேலே எழும்பாது. ஆணி அடித்த உயரத்திலேயேதான் கடைசிவரை இருக்கும். இதைச் சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் காக்கா தலையாட்டினார். முள்ளுக்கம்பி அடித்த வேலி மரங்களில் கம்பி அதே உயரத்தில் இருப்பதைத் தானும் கண்டிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் கொக்கி என்ன உயரம்? மறுபடியும் உம்மாவிடம் கேட்டேன். வாப்பா நிலத்தில் நின்றபடியே கையை நீட்டி லைட்டைக் கொளுவுவாராம். வாப்பா நல்ல உயரம்.

வெற்றிலைக்காரரும் உயரம்தான். அவரை மரத்தோடு நீளமாய்ப் படுக்கவைத்து, கையை நீட்டச் சொல்லி அளந்தார்கள். அவர் குதிகால் அடிப்பக்கத்து நீலப் பெயின்றில், விரல்கள் மரத்தின் நடுவுக்குச் சற்று மேலே. வளவில் விட்டுவந்த அடிக்குற்றியின் உயரத்தையும் கணக்கில் எடுத்து, பயத்துக்கு இன்னும் ஒரு முழம் சேர்த்து, அந்த இடத்தில் குறுக்கே வெட்டினார்கள். பயத்துக்கு ஒரு முழம் என்று சொன்னது காக்காதான். நான் கேட்கவில்லை. கேட்கத்தான் நினைத்தேன்.

மேல் துண்டு மட்டும் வாளுக்குப் போனது. நான் வெளியே ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று, வாள் சத்தம் ஓயும்வரை வாயில் வந்த ஓதல் எல்லாம் ஓதினேன். ஓய்ந்ததும் வெற்றிலைக்காரர் வெளியே வந்து வெற்றிலை துப்பினார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பின்னேரம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். குடித்தேன் என்றேன். இனித் தண்ணீரைப் போகும் வழியில் குடிக்கச் சொன்னார்.

பலகைகளை உடனே கட்டிலாக்க முடியாது. ஓடாவி சொன்னபடி, வெயில் படாத விறாந்தையில், ஒவ்வொரு பலகைக்கும் இடையில் சிறு சட்டங்கள் வைத்து, காற்றுப் போக அடுக்கி, வளையாமல் இருக்க மேலே சீமெந்துக் கல் ஏற்றி வைத்தோம். மாரி முழுவதும் நான் அதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பலகை மட்டும் முறுகியது. மற்றவை நேராகக் காய்ந்தன. நான் முதலில் நினைத்திருந்த பெரிய கட்டிலுக்கு அது போதவில்லை. பிள்ளைக் கட்டிலுக்குக் காணும். மகள் இப்போது அதில்தான் படுக்கிறாள். கிட்டப் போனால் இலேசாக ஒரு கசப்பு மணம். அந்த நீல பல்ப் தலைமாட்டில் தொங்குகிறது. அது எரியாது. ஆனாலும் தினமும் அதை அணைத்துவிட்டுத்தான் தூங்குவாள்.

கீழ்த் துண்டை விறகாக்க யாரும் கோடரி போட விரும்பவில்லை. தங்கையின் புது வீட்டு வாசலில் இருக்கையாகப் போட்டுவிட்டோம். உம்மாவின் கொக்கி இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. நோன்புக்குப் பிறகு தங்கையின் கலியாணம் வந்தபோது, அதே லைட்காரர் சுத்தியலோடு வந்து எந்த மரத்தில் அடிப்பது என்று கேட்டார். நான் கயிற்றுக் கட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், காஸ் அடுப்பை இன்றும் திரும்பிப் போய்த்தான் பார்க்கிறேன். ஆனால் யாராவது ஏதும் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொல்வதற்கு முன், எனக்குத் தெரியாதவற்றைத் தெரிந்தவர் வேறு யார் என்று ஒரு முறை நினைக்கிறேன், அந்த நினைப்பை இப்போதெல்லாம் பயம் என்று நான் சொல்வதில்லை.